கடமையின்போது

கேள்விக்காரி என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவள் அம்மா. ஏன், எதற்கு, எப்படி என்று நாள் முழுக்க நச்சரித்த மகளைத் தாங்கமுடியாமல் வைத்தது. பள்ளிக்கூடம் முடிந்து, கல்லூரி முடிந்து, கல்யாணமும் ஆகி, தலையில் நரை எட்டிப்பார்த்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. கடைசியில் அதுவே பிழைப்பாகவும் ஆகிவிட்டது. அறக்கட்டளைகளுக்கு நன்கொடை கொடுக்கும் பெரிய நிறுவனங்கள், தாங்கள் கொடுத்ததால் யாருக்காவது உண்மையிலேயே நல்லது நடந்ததா என்று தெரிந்துகொள்ள விரும்பும்போது அவளை அனுப்புவார்கள். அவள் போய்ப் பார்ப்பாள், பேசுவாள், திரும்பி வந்து எழுதிக் கொடுப்பாள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை.

அந்த வருடம் மழை ஓய்ந்த சமயத்தில் அவள் மேசைக்கு வந்த கோப்பு, போலீஸ்காரர் குடும்பங்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையைப் பற்றியது. இறந்துபோன காவலர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு, காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை, செயற்கைக் கால், இவற்றோடு மனச்சுமையில் இருக்கும் காவலர்கள் பேசுவதற்கென்று புதிதாக ஒரு தொலைபேசி. அறக்கட்டளை பதினோரு வருடமாக நடக்கிறது. மொத்தச் செலவையும் ஒரே ஒரு நிறுவனம்தான் தாங்குகிறது. தொடர்ந்து தாங்கலாமா, வேண்டாமா? அதைச் சொல்ல அவளுக்கு ஐந்து வாரம்.

அறக்கட்டளையின் அலுவலகம் காவலர் குடியிருப்பின் நுழைவாயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. முன்னறைச் சுவர் முழுக்கத் தொப்பி அணிந்த முகங்கள், சட்டம் போட்ட படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு தேதி. அந்தப் படங்களுக்கு நேர் எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் செயலாளர். போக்குவரத்துப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் விசில் ஐயா. ஹாரன் சத்தத்தில் ஒரு காது போய்விட்டதால், பக்கத்தில் இருப்பவரிடமும் சாலைக்கு அந்தப்பக்கம் நிற்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

"வாங்கம்மா. எதையும் மறைக்கமாட்டோம். எந்த அலமாரிய வேணும்னாலும் தொறந்து பாருங்க," என்றார்.

முதல் நாளே அவர் அவளைக் குடியிருப்புக்குள் அழைத்துப் போனார். வாசலில் நின்ற காவலாளி உள்ளே பார்த்து, "ஆய்வாளர் வந்திருக்காங்க," என்று குரல் கொடுத்தான். இரண்டாவது மாடியில் பனியனோடு பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் சடாரென்று உள்ளே ஓடினார். அடுத்த நிமிடம் சட்டையைத் தப்புத் தப்பாகப் பொத்தான் போட்டுக்கொண்டு, வாயோரம் நுரையோடு, விறைப்பாக வந்து நின்றார்.

"நான் அந்த ஆய்வாளர் இல்லீங்க. சும்மா கேள்வி கேக்க வந்தவ," என்றாள் கேள்விக்காரி.

"அப்போ சரி," என்று அவர் பிரஷ்ஷை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். விசில் ஐயா சிரித்த சிரிப்பில் நாலு வீட்டு ஜன்னல் திறந்தது.

அன்று நான்கு வீடுகள் பார்த்தார்கள். முதல் வீட்டில் ஒரு பெண், "அறக்கட்டளை இல்லேன்னா நாங்க இன்னிக்குத் தெருவுலதான் நின்னிருப்போம்," என்றாள். இரண்டாவது வீட்டிலும் அதே வாக்கியம். மூன்றாவது வீட்டில் ஒரு சொல்கூட மாறவில்லை. நான்காவது வீட்டுப் பெண் வாயைத் திறக்குமுன் கேள்விக்காரி கேட்டாள்: "ஏம்மா, இத சொல்லச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

அந்தப் பெண் விசில் ஐயாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாங்க. நாங்க ஏதாவது தப்பா சொல்லிட்டா உதவி நின்னுடுமோன்னு."

விசில் ஐயாவின் முகம் சிவந்துவிட்டது. விடுவிடுவென்று படி இறங்கினார். இறங்கியதும், முதல்முறையாகத் தாழ்ந்த குரலில், "பயந்துபோயிருக்காங்கம்மா. நானும் பயந்துட்டேன், அதான் எழுதிக் குடுத்தேன். நாளையிலிருந்து நான் வரல. நீங்களே போங்க," என்றார்.

அந்த இடத்தில் அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருடத்தில் எத்தனையோ செயலாளர்களைப் பார்த்திருக்கிறாள். கையும் களவுமாகப் பிடிபட்டபின் பூசி மெழுகாத ஆள் இவர்தான்.

தனியாகப் போனபோது அவள் கண்டதும் நல்லதாகவே இருந்தது. குண்டடிபட்டு ஒரு காலை இழந்த காவலர் ஒருவர், அறக்கட்டளை வாங்கிக் கொடுத்த காலோடு நாலு மாடியும் அவள் கண்ணெதிரே ஏறி இறங்கிக் காட்டினார். வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல, "இல்ல, பாருங்க. நீங்க பாக்காம எழுதக்கூடாது," என்று இறங்கினார். கீழ்த்தளத்தில் இன்னொரு வீடு. அந்த வீட்டுக்காரரைச் சோதனைச்சாவடியில் லாரி அடித்துப் போட்டுவிட்டது. அவர் மனைவி கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த வெள்ளைச் சீருடையை எடுத்து வந்து காட்டினாள்.

"எம்பொண்ணோடது. நர்சு படிப்பு, ரெண்டாவது வருஷம். என் பரம்பரையிலயே பத்தாவது தாண்டின மொத ஆளு அவதான்," என்றாள். சீருடையின் மடிப்பை ஒருமுறை நீவிவிட்டு மறுபடி மாட்டினாள். குடியிருப்பில் சின்னவர்கள் எல்லாரும் அவளைக் கீழ்வீட்டு அக்கா என்றார்கள்.

இப்படி முப்பத்தேழு வீடுகள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இரண்டாம் வார முடிவில், இந்த வேலை சுலபமாக முடிந்துவிடும் என்றுகூட நினைத்தாள்.

தொலைபேசி அறையை அவள் கடைசியாகத்தான் பார்த்தாள். அலுவலகத்தின் பின்புறம், பழைய பொருள் வைக்கும் அறையைத் தடுத்து உண்டாக்கிய இடம். ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு நோட்டு, ஒரு பெண். மனநலம் படித்தவள். டாக்டர் பட்டம் இல்லாவிட்டாலும் எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கேள்விக்காரி உள்ளே போனபோது அவள் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவசரமாக அதைப் புரட்டிக் கவிழ்த்தாள்.

தொலைபேசி வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது; நோட்டில் ஒன்பது அழைப்புகள்தான் இருந்தன. அவற்றில் மூன்று, டாக்ஸி நிறுவனம் என்று நினைத்துத் தவறுதலாகக் கூப்பிட்டவை. இரண்டு, எதிர்முனை பேசாமலே வைத்தவை. கடந்த ஒரு வருடமாக ஒன்றுமே இல்லை. ஆனால் நன்கொடை நிறுவனத்துக்குப் போன ஆண்டறிக்கையில் இதைப்பற்றி ஒரு வரி இருந்தது: அழைப்புகள் குறைந்திருப்பது காவலர்களின் மனநலம் மேம்பட்டிருப்பதைக் காட்டுகிறது.

"இத நீங்களா எழுதினீங்க?"

"இல்ல. ஆனா படிச்சுப் பாத்து கையெழுத்துப் போட்டேன்," என்றாள் டாக்டரம்மா.

"ஏன் யாரும் கூப்பிடறதில்ல?"

டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இந்த போன ஆரம்பிச்சப்போவே போலீஸ் தலைமையகத்துல ஒரு நிபந்தனை போட்டாங்க. கூப்பிடறவங்க பேரு, நம்பரு வாராவாரம் அங்க போகணும். துப்பாக்கி வெச்சிருக்கிற ஆளுங்க, அதனால பாதுகாப்புக்குன்னு சொன்னாங்க. கூப்பிடறவங்களுக்கு இது தெரியாது. ரகசியமா இருக்கும்னுதான் நோட்டீஸ்ல போட்டிருக்கோம்."

"பேரு போனா என்ன ஆகும்?"

"ஒருத்தர் பேரு போச்சு." அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். "இவரு நாப்பது நிமிஷம் பேசினாரு. நல்லா பேசினாரு. அடுத்த வாரமும் கூப்பிடறேன்னாரு. நாலாவது நாள் துப்பாக்கிய வாங்கிட்டு அவர ஸ்டோர்ல போட்டுட்டாங்க. ஏன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு மாசம் இருந்தாரு. அப்புறம் தானே போய்ச் சேந்துட்டாரு."

டாக்டரம்மா நோட்டை மூடினாள். அவளே தொடர்ந்தாள்: "அதுக்கப்புறம் யாரு கூப்பிடுவாங்க? நான் தினமும் ஒம்பது மணிக்கு வர்றேன், அஞ்சு மணிக்குப் போறேன். போன் அடிச்சுடுமோன்னுதான் பயமா இருக்கு."

முன்னறைச் சுவரில் அந்த மனிதரின் படம் இல்லை. அறக்கட்டளையின் விதிப்புத்தகத்தில் முதல் விதியே, உதவி என்பது கடமையின்போது நிகழ்ந்த மரணத்துக்கு மட்டும் என்பதுதான்.

அவர் மனைவி குடியிருப்பைக் காலிசெய்துவிட்டு, பின்பக்கச் சந்தில் ஒற்றை அறையில் இருந்தாள். வேலை, பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். கேள்விக்காரி அங்கேயே போய்ப் பார்த்தாள். நீராவியில் சுவரெல்லாம் வியர்த்திருந்தது. போர்வைகளை உருளைகளுக்கு இடையே இழுத்து, சூட்டில் தேய்த்து, மறுபக்கம் தள்ளும் இயந்திரம் ஒன்று ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. தேநீர் நேரத்துக்கு அதை நிறுத்தியபோது காதுக்குள் ரீங்காரம் கேட்டது. இருவரும் துணி மூட்டைகளின்மேல் உட்கார்ந்தார்கள். சலவைக்காரிக்கு வயது முப்பத்து நாலோ ஐந்தோ இருக்கும். விரல் நுனிகள் வெந்து வெளுத்திருந்தன.

"எங்கிட்ட யாரும் எதுவும் கேட்டதில்ல. நீங்கதான் மொத ஆளு. எங்கேந்து சொல்றது?" என்றாள்.

"உங்களுக்கு எது மொதல்ல தோணுதோ அதுலேந்து."

"பூட்ஸு," என்றாள் அவள். "ஒரு வேன் விபத்துக்குப் போயிட்டு வந்தாரு. பள்ளிக்கூட வேன். என்ன பாத்தாருன்னு எங்கிட்ட சொல்லல. அன்னிலேந்து பூட்ஸ தேய்ப்பாரு. சாப்பிட கூப்பிட்டா தேய்ப்பாரு, லீவு நாள்லயும் தேய்ப்பாரு. மொகம் தெரியற அளவுக்குத் தேச்சப்புறமும் தேய்ப்பாரு. தூக்கம் கெடையாது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அறக்கட்டளைக்காரங்க குடும்ப விழாவுல காலண்டர் குடுத்தாங்கல்ல, அதுல அந்த நம்பர் இருந்துச்சு. நான்தான் காட்டினேன்."

அவள் தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"அவரு மாட்டேன்னாரு. ஒரு வாரம் கெஞ்சினேன். கடைசில நானே நம்பர அழுத்தி அவரு காதுல வெச்சேன். அவரு பேசி முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். வெச்சதும் என்னப் பாத்துச் சிரிச்சாரு. 'நல்லவேள, நீ சொன்னே'ன்னாரு. அன்னிக்கு நல்லாத் தூங்கினாருங்க."

பிறகு நடந்ததை அவள் வேகமாகச் சொன்னாள். துப்பாக்கியை வாங்கினார்கள். ஸ்டோரில் தொப்பியும் பெல்ட்டும் எண்ணும் வேலை கொடுத்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு ஹலோ என்று பெயர் வைத்தார்கள். அவர் வராந்தாவில் நடந்து போனால் யாராவது ஒருத்தன் கையைக் காதில் வைத்து, ஹலோ, என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆயுதம் ஏந்தும் வேலை இல்லை என்பதால் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்தும் பெயர் போயிற்று. ஒருநாள் வீட்டில், "நீ அத காதுல வெக்காம இருந்திருக்கலாம்," என்று சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"அதுதான் எனக்கு..." என்றாள் அவள். தேநீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அறக்கட்டளையில மனு குடுத்தீங்களா?"

"குடுத்தேன். கடமையின்போது இல்லன்னு கடுதாசி வந்துச்சு. எனக்கு ஒண்ணும் வேணாங்க. கையும் காலும் இருக்கு. அந்தச் சுவத்துல அவரு படம் இருந்தா போதும். மாமனாரு கேக்கறாரு. அவரும் போலீஸ்தான். ஒருபக்கம் இழுத்துப் படுத்திருக்காரு. தெனமும் நான் வேலைக்குக் கெளம்பறப்போ, படத்த மாட்டிட்டாங்களான்னு கேப்பாரு. நாளைக்கு மாட்டுவாங்கப்பான்னு சொல்லிட்டு வருவேன்."

"நீங்க இங்க இருக்கும்போது அவர யாரு பாத்துக்கறாங்க?"

"கீழ்வீட்டு அக்கா. நர்சு படிக்குதே அந்தப் பொண்ணோட அம்மா. மத்தியானம் போய்த் திருப்பிப் படுக்கவெச்சு, கஞ்சி குடுத்துட்டு வரும். அது இல்லேன்னா நான் வேலைக்கே வரமுடியாது."

இயந்திரத்தை மறுபடி ஓட்டும் நேரமாகிவிட்டது. கேள்விக்காரி எழுந்துகொண்டே, "இத நான் எழுதலாமா? பேரு போடமாட்டேன்," என்றாள்.

"போட்டாலும் போடாட்டியும் எல்லாருக்கும் தெரியும். எழுதுங்க. எழுதினா மாத்துவாங்கல்ல?"

"மாத்தணும்னு எழுதறேன்," என்றாள் கேள்விக்காரி. மாற்றுவார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

பேர்கள் தலைமையகத்துக்குப் போவதைப்பற்றி விசில் ஐயாவிடம் அவள் நேரடியாகவே கேட்டாள். அவர் மறுக்கவில்லை. சுவரிலிருந்த படங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு நல்ல காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார்.

"அந்த நிபந்தனைய ஒத்துக்கலேன்னா இந்தக் கட்டடத்தத் திருப்பி வாங்கியிருப்பாங்க. குடியிருப்புக்குள்ள கால் வெக்க விட்டிருக்கமாட்டாங்க. அந்தப் படிப்பு, அந்தக் கால், எல்லாம் நின்னுபோயிருக்கும். அதனால ஒத்துக்கிட்டேன். வாராவாரம் போற அந்தத் தாள்ல அவன் பேர எங்கையாலதான் எழுதினேன். நல்லது பண்றேன்னுதாம்மா நெனச்சேன். துப்பாக்கி கையில இல்லேன்னா உசுரு தப்பிக்கும்னு நெனச்சேன்."

"படத்தயாவது மாட்டியிருக்கலாமே ஐயா."

"மாட்டினா, எப்படிச் செத்தான்னு கேப்பாங்க. ஏன் செத்தான்னு கேப்பாங்க. என்ன பதில் சொல்றது?" மேசைமேல் குனிந்து, "அறிக்கைல இந்த அத்தியாயத்த விட்டுடுங்கன்னு கெஞ்சினா விடுவீங்களா?" என்றார்.

"முடியாது ஐயா."

"தெரியும். சும்மா கேட்டேன்."

அவள் எழுதினாள். அதுவரை எழுதிய எந்த அறிக்கைக்கும் அப்படி மெனக்கெட்டதில்லை. நல்லதை நல்லதாகவும், கெட்டதைக் கெட்டதாகவும் எழுதினாள். முப்பத்தேழு வீடுகளைப் பற்றியும் எழுதினாள். முடிவில் மூன்றே பரிந்துரைகள்: தொலைபேசியைத் தலைமையகத்தின் பிடியிலிருந்து எடுத்து வெளியாள் ஒருவரிடம் கொடுக்கவேண்டும். கடமையின்போது என்ற விதியைத் தளர்த்தவேண்டும். மற்ற உதவிகளை ஒருநாள்கூட நிறுத்தாமல் தொடரவேண்டும். கடைசிப் பரிந்துரையைத் தடித்த எழுத்தில் போட்டாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டார். "ஒரு கேபிள் தேஞ்சுபோச்சுன்னு நானும் எழுதிக் குடுப்பேன். சில பேரு கேபிள மாத்துவாங்க. சில பேரு லிஃப்டையே பூட்டிட்டு, எல்லாரும் படியேறுங்கன்னுடுவாங்க. செலவு மிச்சம்னு," என்றார்.

"இது லிஃப்ட் இல்லங்க," என்று அவள் சிரித்தாள்.

நன்கொடை நிறுவனத்தின் கூட்டம் பதினெட்டாவது மாடியில் நடந்தது. கண்ணாடிச் சுவர், நீளமான மேசை, ஒவ்வொருவர் முன்னாலும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். அறப்பணிப் பிரிவின் தலைவி பதவிசான பெண். கூடவே நிறுவனத்தின் வக்கீலும் வந்திருந்தார். அவர் கையிலிருந்த பிரதியில் ஒரே ஒரு அத்தியாயத்தில் மட்டும் மஞ்சள் தாள்கள் துருத்திக்கொண்டிருந்தன.

"இந்தத் தகவல் வெளிய போனா, அந்த போனுக்கு செலவு பண்ணது யாருன்னு கேப்பாங்க. எங்க பேரும் ஒரு சாவும் ஒரே வாக்கியத்துல வரும். அத நாங்க அனுமதிக்கமுடியாது," என்றார் வக்கீல்.

"அதனாலதான் அந்தப் பகுதிய மாத்தச் சொல்லியிருக்கேன்," என்றாள் கேள்விக்காரி. "மத்தது எல்லாம் ஒழுங்கா நடக்குது. நானே வீடு வீடாப் போய்ப் பாத்தேன். நடுவுல நிறுத்தினா படிக்கிற பிள்ளைங்க படிப்பு அப்படியே நின்னுபோகும்."

"மாத்தறதுக்குத் தலைமையகம் ஒத்துக்கணும். அவங்க ஒத்துக்கமாட்டாங்க, கேட்டுப் பாத்துட்டோம்," என்றாள் தலைவி. "மொத்தமா வெளிய வந்துடறதுதான் ஒரே வழின்னு முடிவு பண்ணியிருக்கோம். இந்த மாசத்தோட."

"இந்த மாசத்தோடயா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அறிக்கை ரொம்ப நல்லா இருந்துச்சு. இவ்வளவு தெளிவா இல்லேன்னா எங்களால இந்த முடிவ எடுத்திருக்கவே முடியாது."

கேள்விக்காரி அதற்குப் பிறகும் அரைமணி நேரம் பேசினாள். நர்சு படிக்கும் பெண்ணுக்கு இன்னும் ஒரே வருடம் பாக்கி என்றாள். நாலு மாடி ஏறி இறங்கியவரைப் பற்றிச் சொன்னாள். ஆறு மாதம் அவகாசம் கேட்டாள், மூன்று மாதம் கேட்டாள். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் தலைவி எழுந்து கைகொடுத்தாள். கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி எல்லாம் உள்ளே போய்விட்டது.

அடுத்த ஆறு வாரத்தில் அறக்கட்டளை மூடப்பட்டது. விசில் ஐயா கடைகடையாக ஏறி இறங்கினார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தார். போலீஸ்காரன் குடும்பத்துக்கா, அவர்களுக்கு என்ன குறைச்சல், என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கடைசி நாளன்று சுவரிலிருந்த படங்களைக் கழற்றித் துடைத்து, காகிதத்தில் சுற்றி, அந்தந்த வீட்டில் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு வேறு ஊரில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். மனநலத் தொலைபேசியைத் தலைமையகமே எடுத்துக்கொண்டது. புது நம்பரோடு எல்லா நிலையங்களிலும் விளம்பரம் ஒட்டினார்கள். அதிலும் ரகசியம் காக்கப்படும் என்று போட்டிருந்தது. டாக்டரம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

எப்படி மூடப்பட்டது என்பதற்குக் குடியிருப்பில் ஒரே ஒரு கதைதான் உலவியது. சலவைக்காரி யாரோ ஒரு வெளியாளிடம் இல்லாததையும் பொல்லாததையும் சொல்லி எல்லார் வயிற்றிலும் அடித்துவிட்டாள். தனக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்கக்கூடாது என்று பண்ணிவிட்டாள். இதை நம்பாதவர்களும் எதிர்த்துப் பேசவில்லை.

இதெல்லாம் கேள்விக்காரிக்குத் தெரியவந்தது கீழ்வீட்டு அக்காவிடம் போனபோதுதான். நர்சு படிப்புக்கு வேறு எங்காவது உதவி கிடைக்குமா என்று நான்கு இடங்களில் விசாரித்து, விண்ணப்பப் படிவங்களை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். கீழ்வீட்டு அக்கா கதவை முழுக்கத் திறக்கவில்லை.

"எம்பொண்ணு துணிக்கடையில வேலைக்குச் சேந்துட்டா. வருஷத்துக்கு நடுவுல சேத்துக்கமாட்டாங்களாம், நாங்களும் கேட்டுட்டோம்," என்றாள்.

"அடுத்த வருஷத்துக்காவது இத நிரப்பி..."

"நீங்க வந்தப்போ நான் என்ன கொறை சொன்னேன்? ஒரு கொறை சொன்னேனா? நல்லதத்தானே சொன்னேன்."

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்கு அவ பேச்ச எழுதினீங்க?"

கேள்விக்காரியிடம் இதற்குப் பதில் இருந்தது. இரண்டும் உண்மை, அதனால் இரண்டையும் எழுதினேன் என்பதுதான் அது. ஆனால் அந்தக் கதவிடுக்கில் நின்றுகொண்டு, "அவங்க மாமனார இப்போ யாரு பாத்துக்கறாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது. நான் போறதில்ல," என்று சொல்லிவிட்டுக் கீழ்வீட்டு அக்கா கதவைச் சாத்தினாள். படிவங்கள் கேள்விக்காரியின் கையிலேயே இருந்தன.

பின்பக்கச் சந்தில் அந்த ஒற்றை அறை பூட்டிக்கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: கிழவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பொது விடுதி ஒன்றில் சேர்த்தார்களாம். அங்கே ஒரு மாதம்கூட இல்லையாம். முதுகெல்லாம் புண் வந்து, போன வாரம் போய்விட்டாராம்.

கேள்விக்காரி அங்கிருந்து நேராகச் சலவைக்கூடத்துக்குப் போனாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சலவைக்காரி உருளையின் வெளிப்பக்கம் நின்று, வந்து விழும் போர்வைகளைத் தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். கூட மடிக்கும் பெண் அன்று வரவில்லைபோலும். இவளைப் பார்த்ததும் ஒரு தலையசைப்பு மட்டும். கை நிற்கவில்லை.

"உங்க மாமனாரப்பத்திக் கேள்விப்பட்டேன்," என்றாள் கேள்விக்காரி. இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கிட்டே போய் மறுபடி சொன்னாள்.

"ஆமா."

"நான் எழுதினதாலதான் இப்படியெல்லாம் ஆச்சு. அத உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

சலவைக்காரி ஒரு போர்வையை மடித்து அடுக்கில் வைத்தாள். "நீங்க பொய் எழுதல. நான் சொன்னதத்தான் எழுதியிருந்தீங்க. ஐயா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்துட்டு வந்து படிச்சுக் காட்டினாரு. ஒரு வார்த்த மாறல," என்றாள். அடுத்த போர்வையின் முனைகளைத் தேடிப் பிடித்தாள். "மாமனாரு கடைசி வரைக்கும் கேட்டாரு. நாளைக்கு நாளைக்குன்னு எத்தன நாள் சொல்றது? மாட்டிட்டாங்கப்பான்னு சொல்லிட்டேன். எந்த இடத்துலன்னு கேட்டாரு. மேல் வரிசைல, நடுவுலன்னேன்."

அந்தப் போர்வையையும் மடித்து அடுக்கில் வைத்தாள்.

"எனக்கு உங்கமேல கோவம் இல்லங்க. ஆனா இனிமே யாரு வந்து கேட்டாலும் நான் வாயத் தொறக்கமாட்டேன். எம்புருஷன பேசவெச்சேன், அப்படி ஆச்சு. நான் பேசினேன், இப்படி ஆச்சு. நீங்களும் இனிமே வரவேணாம்."

போர்வைகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்று முழுதாக மடிபடுமுன் அடுத்தது வந்து விழுந்து, அவள் காலடியில் குவிந்தது. கேள்விக்காரி குனிந்து ஒன்றின் இரு முனைகளை எடுத்தாள். சலவைக்காரி ஒரு கணம் பார்த்துவிட்டு, மற்ற இரு முனைகளைப் பிடித்தாள். துணி கொதித்தது. கேள்விக்காரிக்கு அந்தச் சூடு பழக்கமில்லை. விடாமல் பிடித்துக்கொண்டாள். நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை, அருகே வந்து முனைகளைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் அடுத்தது. ஒரு வார்த்தை பேசாமல் பத்துப் பதினைந்து போர்வைகள் மடித்திருப்பார்கள்.

அதற்குள் மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். "யாரும்மா அது? வெளியாளுங்க உள்ள வரக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்குல்ல," என்றபடி வந்தார்.

"இதோ போறாங்க சார்," என்றாள் சலவைக்காரி. கேள்விக்காரியின் கையிலிருந்த முனைகளையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.